அக்கா நன்றாகத்தான் இருக்கிறாள்

என்னிடம் படித்தவர்களும் பேட்டி எடுக்க வருகிறவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். மனநோய் பற்றிப் படிக்க வேண்டும் என்று உங்களுக்கு எப்போது தோன்றியது? பெங்களூரில் ஒரு நல்ல டாக்டரைச் சந்தித்தேன், அவரைப் போல ஆக ஆசைப்பட்டேன் என்று முப்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. 1962-இல், எனக்குப் பதினைந்து வயதில், கோலார் தங்கவயலில் அக்கா வீட்டில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. படித்தபோது எழுதிய பக்கங்கள் இவை. எழுத்துப் பிழைகளைத் திருத்தியிருக்கிறேன். வேறு எதையும் தொடவில்லை.

— நவமணி

ஜனவரி 1, திங்கள்

ஆபீஸில் கொடுத்த டைரியை மாமா எனக்குத் தந்துவிட்டார். "எனக்கு எதுக்கு இது. நீ படிக்கிற பொண்ணு, வெச்சுக்கோ" என்றார்.

முதல் பக்கம் என்பதால் வீட்டில் இருப்பவர்களை எழுதி வைக்கிறேன். எனக்கு ஒன்பது வயதில் அம்மா இறந்துபோனாள். அப்பா ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் இருக்கிறார். இரண்டு வருடமாக நான் ரோசலின் அக்கா வீட்டில் இருக்கிறேன். அக்காவின் கணவர் தேவசகாயம் மாமாவுக்குச் சுரங்கத்துக்குள் மர முட்டுக் கொடுக்கிற வேலை. சாமுவேல் பிறந்து இன்றோடு இருபது நாள். சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீடுதான், இரண்டே அறை. பின்னறை ஜன்னல் ஓரம் நான் படிக்கிற இடம்.

அரைப் பரீட்சையில் நான்தான் முதல். கணக்கில் தொண்ணூற்று ஆறு.

அக்கா கோயிலுக்கு வரவில்லை. குழந்தையை வெயிலில் எடுத்துப் போகக் கூடாது என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

ஜனவரி 4, வியாழன்

குழாயில் தண்ணீர் பிடித்தேன், எட்டுக் குடம். குழந்தைத் துணிகள் துவைத்தேன். ரசாயனத்தில் இரண்டு பாடம் முடிந்தது.

மதியம் ஏர்பிளாஸ்ட். பள்ளிக்கூடத்திலேயே பெஞ்சு ஆடியது. பூமிக்கு அடியில், மைல் கணக்கான ஆழத்தில், பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும்போது மேலே வீடுகள் குலுங்கும். இங்கே பிறந்தவர்கள் யாரும் அதற்குத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இன்று யாருக்கும் அடி இல்லை என்று மாமா வந்து சொன்னார்.

அக்கா மட்டும், "மூணு தடவ தட்டுச்சு" என்றாள். எனக்கு ஒரு தடவைதான் கேட்டது.

ஜனவரி 9, செவ்வாய்

அக்காவுக்குத் தூக்கமே இல்லை. பிள்ளை பெற்றவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் போல.

நான் பூகோளப் படம் வரைந்துகொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் தரையில் காதை வைத்துப் படுத்தாள். "கேக்குதா நவம்?" என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால் எழுந்து போகமாட்டாள், எனக்கோ படம் முடிக்க வேண்டும். கேட்கிறது என்றேன். அக்காவின் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? "அப்ப நான் மட்டும் இல்ல" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

படம் நன்றாக வந்தது.

ஜனவரி 14, ஞாயிறு

பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா பொங்கல் கொண்டுவந்து கொடுத்தாள். ரோசலின் அக்கா கிண்ணத்தை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். அஞ்சலை அக்கா வெளியே வந்து என்னிடம் கேட்டாள்.

"இன்னாடி உங்க அக்கா ஒரு மாதிரி கீறா? கண்ணு எங்கியோ போவுது."

"தூக்கம் இல்லக்கா. மத்தபடி நல்லாதான் இருக்காங்க."

பொங்கலை நானே சாப்பிட்டேன். நெய் நிறைய.

ஜனவரி 21, ஞாயிறு

மாமாவிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அக்கா இரண்டு நாளாகக் குளிக்கவில்லை, குழந்தை அழுதால் உடனே வாயைப் பொத்துகிறாள் என்றேன்.

மாமா பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். "புள்ள பெத்தவ அப்படித்தான் இருப்பா. நான் எட்டு மணி நேரம் பூமிக்கு அடியில நின்னுட்டு வரேன். மேல வந்தும் இதே பேச்சா? அவளுக்கு முடியலன்னா சொல்லு, ஆம்பூர்ல உங்க அப்பாகிட்ட கொண்டுபோய் விட்டுர்றேன். ஆறு மாசம் இருந்துட்டு வரட்டும். புள்ளையப் பாத்துக்க நீயும் கூடப் போவணும்."

"எனக்கு மார்ச்ல பரீட்சை மாமா."

"அதான் கேக்கறேன். முடியுதா முடியலையா அவளுக்கு?"

முடிகிறது என்றேன்.

ஆம்பூருக்குப் போனால் அப்பா என்னைத் திரும்ப அனுப்பமாட்டார். போன கோடையிலேயே ஒரு மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

ஜனவரி 27, சனி

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது குழந்தையின் கையை அக்கா தன் மணிக்கட்டோடு சேர்த்துச் சேலைக் கரையால் கட்டி வைத்திருந்தாள். இறுக்கமாக. அதன் விரல்கள் நீலம் பாரித்திருந்தன. அவிழ்த்துவிட்டேன்.

"இழுத்துக்கினு போயிடுவாங்க" என்றாள் அக்கா.

"யாருக்கா?"

"கீழ இருக்கறவங்க. மேல வராம செத்தாங்க இல்ல, அவங்க. அவங்க வீட்லயும் புள்ளைங்க இருந்திருக்கும் இல்ல? ஒண்ணாவது வேணும்னு கேக்கறாங்க."

மிகவும் சாதாரணமாகச் சொன்னாள். புளி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல.

எப்போது கட்டுகிறாள், எவ்வளவு நேரம் கட்டுகிறாள் என்று இனி தேதி போட்டு எழுதுவது நல்லது. ஏன் நல்லது என்று தெரியவில்லை. எழுதினால் பயம் குறைகிறது.

பிப்ரவரி 3, சனி

இன்றுதான் எட்டுக் கிரகங்கள் ஒன்றாகச் சேருகின்றன, உலகம் அழியப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. லைனில் பாதிப் பேர் பாயை எடுத்துக்கொண்டு மைதானத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். தலைக்கு மேலே கூரை இருக்கக் கூடாதாம். வேறு ஊரில் பூமி பிளந்தால் செய்தி, நம் ஊரில் அது தினப்படி என்று மாமா சிரித்தார். ஆனாலும் அவரும் எங்களை மைதானத்துக்குக் கூட்டிப் போனார்.

அக்கா இந்த வாரம் முழுவதும் அமைதியாக இருக்கிறாள். எல்லோரும் பயந்துகொண்டிருப்பதால் அவள் பயம் தனியாகத் தெரியவில்லை. அஞ்சலை அக்காகூட அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பிப்ரவரி 6, செவ்வாய்

உலகம் அழியவில்லை. ஆங்கிலத் தேர்வு நாளை.

எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அக்கா மட்டும் அப்படியே இருக்கிறாள். "தள்ளி வெச்சிருக்காங்க, அவ்ளோதான்" என்றாள்.

பிப்ரவரி 14, புதன்

அக்கா குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லை என்று எட்டிப் பார்த்தேன். தொட்டித் தண்ணீரில் அவன் காதுகள் இரண்டும் முழுகும்படி பிடித்திருந்தாள். முகம் மேலே இருந்தது. அநேகமாக மேலே இருந்தது. நான் பிடுங்கிக்கொண்டேன். இருமினான், அப்புறம் அழுதான்.

"தண்ணிக்குள்ள இவனுக்கும் கேக்குதான்னு பாத்தேன்" என்றாள்.

இனிமேல் குளிப்பாட்டுவதை நானே செய்வேன். காலையில் ஐந்தரைக்கே எழுந்தால் எல்லாம் முடிந்துவிடும். வரலாறு பின்தங்கியிருக்கிறது. வேகமாகப் படிக்க வேண்டும்.

பிப்ரவரி 23, வெள்ளி

இந்தப் பள்ளிக்கூடத்தில் இதுவரை யாரும் வாங்காத மார்க்கை நான் வாங்குவேன் என்று தலைமை ஆசிரியை வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

மார்ச் 5, திங்கள்

குழந்தையின் மணிக்கட்டில் இருந்த கோட்டை மாமா பார்த்துவிட்டார். இது என்ன என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். கொசு கடித்தது, அவனே தேய்த்துக்கொண்டான் என்றேன்.

மூன்று மாதம்கூட ஆகாத குழந்தை தானே தேய்த்துக்கொள்ளுமா என்று மாமா கேட்கவில்லை.

மார்ச் 12, திங்கள்

நல்ல நாள். அக்கா குளித்து, தலை வாரி, மீன் குழம்பு வைத்தாள். எனக்கும் எண்ணெய் தேய்த்துப் பின்னிவிட்டாள். "உன் கல்யாணத்துக்கு நான்தான் தலை பின்னுவேன்" என்றாள். சாமுவேலைப் பார்த்துச் சிரித்தாள், அவனும் சிரித்தான். எல்லாம் சரியாகிவிட்டது. நான் யாரிடமும் சொல்லாமல் இருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று.

மார்ச் 16, வெள்ளி

சரியாகவில்லை.

மார்ச் 20, செவ்வாய்

வியாழன் முதல் அடுத்த புதன் வரை பரீட்சை. மாமாவுக்குக் காலை ஷிப்ட், வீடு வர இரண்டரை மணி ஆகும். நான் ஒன்பதரைக்குக் கிளம்ப வேண்டும். ஐந்து மணி நேரம்.

அஞ்சலை அக்காவிடம் போய், ரோசலின் அக்காவுக்குத் தலைசுற்றல் இருக்கிறது, பரீட்சை நாட்களில் கூட இருக்க முடியுமா என்று கேட்டேன். "அதுக்கின்னாடி, என் துணிய அங்க கொணாந்து தைக்கறேன், நீ நல்லா எழுது" என்றாள்.

தலைசுற்றல் என்று மட்டும்தான் சொன்னேன்.

மார்ச் 22, வியாழன்

தமிழ். நன்றாக எழுதினேன்.

மார்ச் 26, திங்கள்

விஞ்ஞானம். ஒரு வரைபடத்தில் சந்தேகம். அக்கா குழந்தையைத் தரையில் விடவே மாட்டேன் என்கிறாள், எப்போதும் கட்டிலின் மேல்தான். அஞ்சலை அக்கா நாள் முழுவதும் இருந்தாள்.

மார்ச் 28, புதன்

கணக்கு. எல்லாக் கேள்விக்கும் விடை எழுதினேன்.

ஏப்ரல் 6, வெள்ளி

ஒன்பது நாளாக எழுதவில்லை. எழுதத்தான் வேண்டும்.

புதன்கிழமை பரீட்சை முடிந்து ஒன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினேன். உள்ளே அக்கா, "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று சொல்வது கேட்டது. நான்தான் அக்கா, நவம், என்று கத்தினேன். மீண்டும் தட்டினேன். தட்டத் தட்ட அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. குழந்தையின் சத்தம் இல்லை. தூங்குகிறான் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்றுதான் போலீஸாரிடமும் சொன்னேன்.

மாமா ஷிப்ட் முடிந்து வந்து தோளால் இடித்துக் கதவைத் திறந்தார். கட்டிலின் மேல் மாமாவின் டிரங்குப் பெட்டி இருந்தது. பெட்டியின் மேல் அக்கா உட்கார்ந்திருந்தாள். வியர்த்துப் போயிருந்தாள், ஆனால் முகம் நிம்மதியாக இருந்தது.

"இனிமே அவங்களால எடுக்க முடியாது" என்றாள் மாமாவைப் பார்த்து. "தரையிலேர்ந்து தூரம். இரும்பு வேற. நான் எழுந்திரிக்கவே இல்ல."

மாமா அவளைத் தூக்கிக் கீழே விட்டார். பெட்டியைத் திறந்தார்.

அதற்கு மேல் எழுத வரவில்லை.

சாயங்காலம் போலீஸ் வந்து அக்காவை ஜீப்பில் ஏற்றினார்கள். பெற்ற பிள்ளையையே கொன்றவள் என்று லைன் முழுவதும் வாசலில் நின்று பார்த்தது. அக்கா என்னிடம், "பெட்டிய யாரும் திறக்காம பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அஞ்சலை அக்கா வருவதாகத்தான் சொல்லியிருந்தாள். வரவில்லை.

ஏப்ரல் 10, செவ்வாய்

குழாயடியில் யாரும் அஞ்சலை அக்காவிடம் பேசுவதில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவள், அவள் வந்திருந்தால் குழந்தை பிழைத்திருக்கும் என்கிறார்கள். அவள் குடத்தை மட்டும் கடைசியில் தள்ளி வைக்கிறார்கள். அவள் என்னைப் பார்த்தாள். எதற்கோ காத்திருப்பதுபோல நின்றாள்.

இன்று ஆறு குடம்தான் பிடித்தேன். ஆள் குறைந்துவிட்டதால் போதும்.

ஏப்ரல் 16, திங்கள்

மாமாவும் நானும் பெங்களூர் போனோம். மாஜிஸ்ட்ரேட் அக்காவைப் பரிசோதனைக்காக மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே சுலோசனா பாய் என்று ஒரு டாக்டர். நரைத்த தலை, கதர்ச் சேலை. கன்னட வாடையோடு தமிழ் பேசினார்.

அக்காவை எங்களுக்குக் காட்டவில்லை. டாக்டர் முன்னால் காகிதம் வைத்துக்கொண்டு கேட்டார். "எப்போதிலிருந்து இப்படி? அவங்களைக் கேட்டா ஒழுங்கா பதில் வரலை. வீட்டிலே இருக்கிறவங்கதான் சொல்லணும்."

"நல்லாதான் இருந்தா டாக்டரம்மா" என்றார் மாமா. "திடீர்னு இப்படி ஆயிடுச்சு."

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீ அவங்களோட கூடவே இருந்தே. தூக்கம், சாப்பாடு, பேச்சு, எதிலேயாவது வித்தியாசம் பார்த்தியா?"

"இல்ல. நல்லாதான் இருந்தாங்க."

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. இதுக்கு முன்னாடி நல்லா இருந்தாங்கன்னா நான் அப்படித்தான் எழுதணும். கோர்ட்டிலே என்ன கேப்பாங்க? புத்தி தெளிவா இருந்தவ கதவைத் தாழ் போட்டு, பெட்டியிலே வெச்சு மூடினாளேன்னு கேப்பாங்க. அப்போ ஆயுசுக்கும் ஜெயில். நோய் முன்னாடியே இருந்ததுன்னு யாராவது காட்டினா வேற. இங்கே வெச்சு நாங்க குணப்படுத்துவோம். நல்லா ஆகிற நோய்தான் இது."

"இன்னும் எத்தனை நாள் இருக்கு டாக்டரம்மா?" என்று மாமா கேட்டார்.

"மே பத்தாம் தேதி நான் எழுதி அனுப்பணும்."

ரயிலில் திரும்பினோம். மாமா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். என் பையில் இந்த டைரி இருந்தது. பெங்களூருக்கும் எடுத்துப் போயிருந்தேன். மடியில்தான் வைத்திருந்தேன்.

ஏப்ரல் 20, பெரிய வெள்ளி

கோயிலில் மூன்று மணி நேரம். நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன். வயிற்று வலி என்றேன்.

ஏப்ரல் 24, செவ்வாய்

ஜனவரியிலிருந்து எல்லாவற்றையும் படித்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் கிழித்துவிடலாமா என்று தோன்றியது. கிழித்தால் தைத்த இடத்தில் மறுபக்கத் தாளும் கழன்று வரும், யாருக்கும் தெரிந்துவிடும். அதனால் கிழிக்கவில்லை. வேறு நல்ல காரணம் எதுவும் இல்லை.

ஆனால் ஒன்றை நான் எழுதவே இல்லை. இப்போது எழுதுகிறேன்.

மார்ச் 28 காலை, குழாயடியில் அஞ்சலை அக்கா என்னிடம் வந்து சொன்னாள். "நவமணி, என் பெரியவளுக்கு ஜுரம் கொதிக்குது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போறேன். இன்னிக்கு வர முடியாதுடி. வேற யாரையாவது கேளு." சரிக்கா என்றேன். அப்போது மணி ஏழு. ஒன்பதரை வரை எனக்கு நேரம் இருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். தலைசுற்றல் உள்ளவளுக்குக் காவல் எதற்கு என்பார்கள். வீட்டுக்கு வந்தேன். அக்கா பெட்டியிலிருந்து மாமாவின் துணிகளை எடுத்துக் கட்டிலில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பெட்டி காலியாக இருந்தது. எதற்கு என்று கேட்டேன். "சாமுவேலுக்கு" என்றாள்.

நான் ஜியோமிதிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கணக்குத் தாளை முடித்த பிறகு எனக்கு இருபது நிமிடம் மிச்சம் இருந்தது. எழுந்து வந்திருக்கலாம். முதலிலிருந்து எல்லாவற்றையும் சரிபார்த்தேன்.

ஏப்ரல் 29, ஞாயிறு

இதைப் பள்ளிக்கூடக் கட்டுரை நோட்டில் எழுதுகிறேன். டைரி என்னிடம் இல்லை.

கோயில் முடிந்து வந்ததும் அதை மாமாவின் முன்னால் வைத்தேன். "இதுல எல்லாம் இருக்கு மாமா. டாக்டர் கேட்டது" என்றேன். மாமா ஐந்தாம் வகுப்புதான் படித்தவர். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பதினொன்றுக்கு ஆரம்பித்து நான்கு மணிக்கு முடித்தார். நான் பின்னறை வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். "சாமுவேலுக்குன்னு சொன்னா" என்றார்.

"ஆமா மாமா."

"நீ ஜியோமிதிப் பொட்டிய எடுத்துக்கினு போனே."

"ஆமா."

டைரியை மூடினார். "நீ எழுதியிருக்கற நாள்ல பாதி நாளு நான் இந்த வூட்லதான் இருந்தேன். சோறு தின்னேன். அவளப் பாத்தேன். நீ ஒரு தடவ வந்து சொன்ன, நான் ஆம்பூருன்னு மெரட்டுனேன். நீ சின்னப் பொண்ணு. எனக்கு இன்னா கேடு?" அப்புறம் டைரியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "நாளைக்கு லீவு போட்டுட்டு பெங்களூரு போறேன். நீ இப்ப போயி அஞ்சலைகிட்ட சொல்லு. நாலு பேரு கேக்கற மாதிரி சொல்லு."

"சரி மாமா."

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. உன்னக் குத்தம் சொல்லல. ஆனா இனிமே இந்த வூட்ல நீ இருக்க வேணாம். உன் மொகத்தப் பாத்தா எனக்குக் கதவு ஞாபகம் வருது."

குழாயடிக்குப் போனேன். சாயங்காலத் தண்ணீருக்குப் பதினைந்து பேராவது நின்றிருப்பார்கள். அஞ்சலை அக்கா வரிசையின் கடைசியில் இருந்தாள். அவள் அன்று காலை ஏழு மணிக்கே என்னிடம் வர முடியாது என்று சொல்லிவிட்டாள், வேறு யாரையும் கூப்பிடாமல் போனது நான்தான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது, யாரும் குடத்தை மாற்றவில்லை. ஒருத்தி என் காலடியில் துப்பினாள்.

அஞ்சலை அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு மாசம் ஆச்சுடி உனக்கு" என்றாள். அவ்வளவுதான். குடத்தைக் கொண்டுபோய் வரிசையின் முன்னால் வைத்தாள். யாரும் தடுக்கவில்லை.

ஜூன் 11, திங்கள்

மார்க் வந்தது. பள்ளியில் முதல். கணக்கில் நூறு. மாமா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

டாக்டரின் அறிக்கையோடு டைரியில் இருந்த தேதிகளையும் கோர்ட்டில் படித்தார்களாம். குழந்தையைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அக்கா அதைச் செய்தாள், செய்தது என்னவென்று அவளுக்குத் தெரியாது என்று ஜட்ஜ் ஒப்புக்கொண்டார். ஜெயில் இல்லை. குணமாகும் வரை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

போதகர் கொடுத்த கடிதத்தால் பெங்களூரில் மிஷன் விடுதியில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. பி.யூ.சி. சேர்கிறேன். கிளம்பும்வரைதான் இந்த வீட்டில். அப்பா வேண்டாம் என்றுதான் சொன்னார். மாமா ஆம்பூருக்குப் போய் அவரிடம் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று என்னிடம் சொல்லவில்லை. என்னை ரயில் ஏற்றிவிட வரமாட்டேன் என்று மட்டும் சொன்னார்.

ஜூலை 8, ஞாயிறு

விடுதியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். போனேன். கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

ஜூலை 22, ஞாயிறு

மீண்டும் வேலி வரை.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

இன்று உள்ளே போனேன். டாக்டர் சுலோசனா பாய் வராந்தாவில் என்னைப் பார்த்து, அறையிலிருந்து டைரியை எடுத்துவந்து திருப்பித் தந்தார். "உங்க அக்காவுக்கு இப்போ நல்லா இருக்கு. தூங்கறாங்க, சாப்பிடறாங்க. சத்தம் எதுவும் கேக்கறதில்லை" என்றார். "ஆனா குழந்தை விஷயம் இன்னும் சொல்லலை. ஆம்பூர்லே உங்க அப்பாகிட்டே இருக்குன்னு சொல்லி வெச்சிருக்கோம். உங்க மாமாவும் அப்படித்தான் சொல்லச் சொன்னார். இப்போதைக்கு நீயும் அதையே சொல்லு. நேரம் பார்த்து நானே சொல்றேன்."

சரி என்றேன்.

அக்கா மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. மாத்திரையால் என்று நர்ஸ் சொன்னாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள். காலேஜ் எப்படி இருக்கிறது, விடுதியில் என்ன சாப்பாடு என்று கேட்டாள். சாம்பாரில் பருப்பே இல்லை என்றேன். சிரித்தாள். பழைய அக்கா சிரிப்பதுபோலவே இருந்தது.

அப்புறம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "சாமுவேல் எப்படி இருக்கான்?"

வராந்தாவில் டாக்டர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. ஆம்பூரில் நன்றாக இருக்கிறான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு பழக்கம். எவ்வளவு சுலபமாக வரும்.

"இல்லக்கா" என்றேன். "அவன் செத்துப் போயிட்டான். மார்ச் மாசமே. பெட்டிக்குள்ள மூச்சு முட்டி. அன்னிக்கு உன்னத் தனியா விட்டுட்டுப் போனது நான். போகக் கூடாதுன்னு தெரிஞ்சும் போனேன்."

அக்கா அழவில்லை. மரத்திலிருந்து ஒரு இலை அவள் மடியில் விழுந்தது. அதை எடுத்து நான்காக மடித்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "ஜூன்லேர்ந்து தெரியும். அந்தப் பெட்டி ஞாபகம் வந்துடுச்சு. வர்றவங்க எல்லாரையும் கேட்டுக்கினே இருக்கேன். எல்லாரும் நல்லா இருக்கான், நல்லா இருக்கான்னே சொல்றாங்க. அப்ப எனக்கு மறுபடியும் புத்தி கலங்கிடுச்சோன்னு பயமாயிடும்."

அப்போதுதான் அழுதாள். நர்ஸ் ஓடி வந்தாள். அக்கா என் கையை விடவில்லை.